மூக்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில்

காலையில் அக்காவுக்கு முகம் துடைத்துவிட மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றுவேன். திருப்பி மாட்டும்போது எப்படியோ அரைச் சுற்று கூடிவிடும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் ஐந்து மீட்டர் குழாயும் பழைய டெலிபோன் ரிசீவர் வயர் மாதிரி முறுக்கிக்கொள்ளும். படுத்த படுக்கையாக இருக்கிறவள். இரண்டு மணிக்கொரு தரம் நான்தான் புரட்டிப் படுக்கவைக்கிறேன். அப்போது குழாய் தோளுக்கடியில் போகும், கட்டில் கம்பியில் மாட்டும், ஆக்சிஜன் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். "உன் நர்ஸ் வேலை ரிட்டயர் ஆனாலும் உன்னை விடமாட்டேங்குது பாரு" என்பாள் அக்கா.

உண்மைதான். முப்பத்தைந்து வருஷம் வார்டில் இருந்தேன். ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். அது நோயாளியின் மூக்குக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் டாக்டர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். குழாய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு. நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன்.

முதல் ஆக்சிஜன் குழாய் கண்ணாடி. 1774-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி பாதரசச் சாம்பலைப் பூதக்கண்ணாடி வெயிலில் சுட்டு அந்த வாயுவைப் பிரித்தார். எலியை விட்டுப் பார்த்து, பிறகு தானே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் வழியாக உறிஞ்சிப் பார்த்தார். நெஞ்சு லேசானது போலிருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடி சிக்காது. ஆனால் அதை வாயில் வைத்துக்கொண்டு யாரும் படுத்துத் தூங்க முடியாது.

அடுத்து வந்தது பை. நீராவி எஞ்சினால் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் மகள் ஜெஸ்ஸி 1794-ல் காசநோயில் செத்துப்போனாள். பதினைந்து வயது. அதன் பிறகு வாட், தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து, நோயாளிகளுக்கு வாயுக்களைக் கொடுக்கும் கருவிகளைச் செய்ய முனைந்தார். எண்ணெய் பூசிய பட்டுத்துணிப் பையில் வாயுவை அடைத்து, வாயில் வைத்து உறிஞ்சச் சொல்வது. 1799-ல் பெடோஸ் பிரிஸ்டல் நகரத்தில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார். காசநோய் குணமாகவில்லை. ஆனால் மகளை இழந்த ஒரு பொறியாளர் உட்கார்ந்து பட்டுப் பை வரைந்தது எனக்கு அந்த வெற்றி தோல்வியைவிடப் பெரிதாகப் படுகிறது.

குழாய் வளையக் கற்றது ரப்பர் வந்த பிறகு. 1844-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும். எங்கள் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டினவர். விடியற்காலை மரம் மரமாகப் போய்ச் சிரட்டையில் பால் பிடிப்பார். நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்து, முதல் முறை சிவப்பு ரப்பர் கதீட்டரைக் கையில் எடுத்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயும் வாசனைதான் வந்தது. கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு வீட்டு ஞாபகம்.

அப்படியொரு ரப்பர் கதீட்டரை 1907-ல் ஆர்பத்நாட் லேன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் மூக்கில் விட்டு ஆக்சிஜன் கொடுத்தார். அதுவரை பல இடங்களில் ஒரு புனலை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கிய சிப்பாய்களைப் பார்த்த ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், ஆக்சிஜனை அளந்து, விடாமல் கொடுக்க வேண்டும் என்று 1917-ல் எழுதினார். அதற்கான முகமூடியும் செய்தார். 'விடாமல்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் பாடு தொடங்கியது. ஐந்து நிமிஷம் புனலைப் பிடித்தால் எதுவும் சிக்காது. ராத்திரி முழுக்கக் கொடுக்க வேண்டுமென்றால் நோயாளி புரளுவார், இருமுவார், சிறுநீருக்கு எழுந்திருக்கப் பார்ப்பார்.

நடுவில் சிலர் குழாயே வேண்டாம் என்று பார்த்தார்கள். 1920-களில் லெனார்ட் ஹில்லும் பிறகு அமெரிக்காவில் ஆல்வன் பராக்கும் ஆக்சிஜன் கூடாரம் கொண்டுவந்தார்கள். உள்ளே வெக்கை தாங்காது என்பதால் பராக் காற்றைப் பனிக்கட்டி வழியாகச் சுற்றவிட்டார். முகத்தில் ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் திறந்தாலும் உள்ளே இருந்த ஆக்சிஜன் வெளியே போய்விடும். கொசுவலைக்குள் ஆளை வைத்துப் பணிவிடை செய்கிற மாதிரி.

நான் பயிற்சியில் படித்தது கதீட்டர்தான். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி அடையாளம் வைக்க வேண்டும். தண்ணீரில் நனைத்து உள்ளே விட வேண்டும். எண்ணெய், வாசலின் கூடவே கூடாது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீ. கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, எட்டு மணி நேரத்துக்கொரு தரம் மூக்குத் துவாரத்தை மாற்ற வேண்டும். கதீட்டரிலிருந்து ரப்பர் குழாய் வுல்ஃப் பாட்டிலுக்குப் போகும். அது இரண்டு வாய் உள்ள கண்ணாடிச் சீசா, பாதி தண்ணீர். அங்கிருந்து சிலிண்டருக்கு. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. சாவியைத் திருகினால் சீசாவில் குமிழி விட்டு 'களக் களக்' என்று கேட்கும். ப்ளோ மீட்டரைப் பார்க்காமலே அந்தச் சத்தத்தை வைத்து எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று சொல்லும் சீனியர் சிஸ்டர்கள் இருந்தார்கள்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நாற்பது கட்டில், நான் ஒருத்தி, ஒரு ஆயா. ஓரத்துக் கட்டில் பெரியவருக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேஜையில் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. சீசா சத்தம் நின்றிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்துக் கட்டிலை யாரோ நகர்த்தியதில் சக்கரம் ரப்பர் குழாய் மேல் ஏறி நின்றிருக்கிறது. பெரியவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. கட்டிலைத் தூக்கியதும் குமிழி வந்தது. அவர் பிழைத்தார். மறுநாளிலிருந்து நான் குழாயைக் கட்டிலின் பக்கவாட்டில் விட்டதே இல்லை. எப்போதும் தலைமாட்டு வழியாகத்தான்.

இரண்டு துவாரத்திலும் செருகும் இந்தக் கவைக் குழாய், நாங்கள் 'நேசல் ப்ராங்' என்போமே, அதைக் கண்டுபிடித்தவர் வில்ஃபிரட் ஜோன்ஸ். அவர் வேலைபார்த்த பிரிட்டிஷ் ஆக்சிஜன் கம்பெனி 1949-ல் காப்புரிமை வாங்கியது. பிளாஸ்டிக் வந்ததும் ரப்பர் குழாயைக் கிருமி போகக் கொதிக்கவைக்கிற வேலை போனது. ஒரு நாள் பழைய குழாயை பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே உருண்டை, உள்ளே ஓட்டை பல குழாய்களில் நட்சத்திரம் போல இருக்கும். மேலே ஏதாவது அழுத்தினாலும் முனைகளின் இடுக்கு வழியே காற்று போகும். அன்றைக்கு இது இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தடியில் கொஞ்சமாவது ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கூர்மையாக மடிந்தால் நட்சத்திரமும் காப்பாற்றாது.

குழாய் வீட்டுக்குள் வந்தது அதற்கப்புறம். 1960-களில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் பெட்டி என்ற மருத்துவர், நுரையீரல் நோயாளிகளுக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார். 1980-ல் அமெரிக்காவில் 203 பேரை வைத்து நடந்த ஆய்வு, இரவு மட்டும் எடுத்தவர்களைவிட நாள் முழுக்க எடுத்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டியது. மறுவருஷம் பிரிட்டனில் 87 பேரை வைத்து ஒரு ஆய்வு. தினம் 15 மணி நேரம் கொடுத்தார்கள், பலன் இருந்தது. அக்காவின் சீட்டில் டாக்டர் 15 மணி நேரம் என்று எழுதியிருப்பது அங்கிருந்து வந்ததுதான். பதினைந்து மணி நேரம் என்றால் சாப்பாடு, சீரியல், பேரன் வீடியோ கால், எல்லாம் குழாயோடுதான். சிக்காமல் என்ன செய்யும்?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கான்சன்ட்ரேட்டர் என்ற இந்த ஆக்சிஜன் மிஷின் எத்தனையோ வீடுகளுக்குப் போனது. மிஷினை எப்படிப் போடுவது என்று கடைக்காரர் சொன்னார். குழாயை எப்படி விடுவது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக்கு நான் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் குழாயிலேயே ஊக்கைக் குத்தி மெத்தையோடு பிணைத்திருந்தார்கள். ஓட்டை வழியாக ஆக்சிஜன் மெத்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்துவிளக்கு. அதை அணைக்கச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு என் மேல் வருத்தம். "வேற ரூம்ல ஏத்துங்கம்மா, சாமி கோவிச்சுக்க மாட்டார்" என்றேன்.

எங்கள் வீட்டு முறை இது: புதுக் குழாயைப் பிரித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, உருவி, துடைத்துக் காயவிடுவேன். பாக்கெட்டில் மடிந்த தழும்பு போய்விடும். தலைமாட்டுக் கம்பியில் பழைய புடவைக் கிழிசலால் ஒரு தொளதொள வளையம். குழாய் அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்வரும். மூக்கிலிருந்து கழற்றினால் தலையணையில் எறியாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வளையத்தில் மாட்டுவேன்.

உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவருக்கு மிஷின் ஓடுகிறதென்றால், இன்று ராத்திரி விளக்கை அணைக்குமுன் மூக்கில் செருகும் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் துடைத்து மாட்டிவிடுங்கள். வராவிட்டால் டாக்டருக்குப் போன் செய்வதற்கு முன் கட்டிலுக்கடியில் குனிந்து பாருங்கள்.