வேலியும் வழியும் மரமும்

தம் இல்லத்தைப் பிறர் பார்வையினின்றும் மறைத்துக்கொள்ள விரும்புவது குடியிருப்போர் இயல்பு. பலர் நடந்து பழகிய வழி அடைபடலாகாது என்பது வழிச்செல்வோர் உரிமை. தலைமுறை பல கண்ட மரம் வெட்டுண்டு விழலாகாது என்பது ஊரின் நலம். இம்மூன்றும் ஒரே நிலத்தில் மோதும்போது வழக்கும் பகையும் விளைகின்றன. வழக்கு எழுமுன்னரே, வரைபடத்திற் கோடிடும் வேளையிலேயே, இம்மூன்றையும் இசைவிக்க முயன்ற ஊரொன்று இலண்டன் மாநகரின் வடபால் உண்டு. ஹாம்ஸ்ரெட் பூங்காப் புறநகர் என்பது அதன் பெயர்.

அதனைத் தோற்றுவித்தவர் ஹென்றியெற்றா பார்னெற் அம்மையார். அவர் கணவர் சாமுவேல் பார்னெற் கிழக்கு இலண்டனில், வைற்சப்பல் என்னும் ஏழைமக்கள் பகுதியிற் பணியாற்றிய குரு. 1884ஆம் ஆண்டில் ரொயின்பி மண்டபத்தை நிறுவியவர்களும் இத்தம்பதியரே. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் மக்கள் நெருங்கி வாழ்ந்த துயரை அம்மையார் நேரிற் கண்டவர். கோல்டர்ஸ் கிறீன் வரை நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை வரப்போகிறது என்றதும், ஹாம்ஸ்ரெட் திடலின் ஓரமெங்கும் வீடுகள் நெருங்கிவிடும் என அவர் அஞ்சினார். அவ்வச்சமே செயலாயிற்று. ஈற்றன் கல்லூரிக்குரிய நிலத்தில் 80 ஏக்கர் வாங்கப்பட்டுத் திடலுடன் சேர்ந்து பொதுநிலமாயிற்று. அதனை அடுத்த 243 ஏக்கரில் புதிய ஊர் எழுந்தது. 1907ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலை தொடங்கிற்று.

அந்நாளைய நகரசபை விதிகள் சிறு தெருக்களையும் அகலமாக அமைக்கவேண்டும் எனக் கட்டாயப்படுத்தின. அவ்விதிகளைப் பின்பற்றினால் நிலமெல்லாம் கல்லும் தாருமாகிவிடும். ஆதலால் 1906இல் பாராளுமன்றத்திற் தனிச்சட்டமொன்று பெறப்பட்டது. நீளங் குறைந்த சிறுவீதிகள் 20 அடி அகலத்துடன் அமையலாம். ஆயின் எதிரெதிர் வீடுகளுக்கிடையே 50 அடி இடைவெளி இருத்தல் வேண்டும். சராசரியாக ஏக்கருக்கு எட்டு வீடுகளுக்கு மேல் எழலாகாது. வீதியில் மிச்சமான நிலம் தோட்டத்துக்கும் மரத்துக்கும் ஆயிற்று. வீட்டின் மறைவை உயர்ந்த மதில் அன்று, இடைவெளியே முதலிற் காத்தது.

ஊரின் அமைப்பை வகுத்தவர் றேமண்ட் அன்வின் என்னும் கட்டடக் கலைஞர். நின்ற மரங்களையும் நிலத்தின் ஏற்றத்தாழ்வையும் மதித்து அவர் வீதிகளை வளைத்தார். வீடுகளின் எல்லையில் மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி நடப்பட்டது. உயிர்வேலி பார்வையை மறைக்கும். காற்றையும் பறவையையும் தடுக்காது. ஆனால் அது ஆண்டுதோறும் கத்தரிக்கப்படல் வேண்டும். அன்றேல் வழியை நெருக்கிவிடும். ஆகவே மறைவை அனுபவிப்பவருக்கே வழியைக் காக்கும் கடமையும் உண்டாயிற்று. மறுமுனை அடைபட்ட சிறுவீதிகளில் வண்டி நின்றுவிடும். கால்நடையாகச் செல்வோருக்கோ வேலிகளுக்கிடையே குச்சொழுங்கைகள் விடப்பட்டன. பெருங்காடு, சிறுகாடு எனப் பெயர்பெற்ற இரு பழைய ஓக் மரச் சோலைகள் ஊர் நடுவே யாவருக்கும் பொதுவாக நின்றன. திடலும் ஊரும் சந்திக்கும் எல்லையின் ஒரு பகுதியிலே செங்கல் மதிலொன்று எழுந்தது. அம்மதிலும் வழியை அடைக்கவில்லை. இடையிடையே வாயில் விட்டது.

அம்மையாரின் எண்ணம் முழுதும் நிறைவேறியது எனல் ஆகாது. செல்வரும் தொழிலாளரும் அயலவராய் வாழவேண்டும் என அவர் விரும்பினார். ஊரின் அழகே நிலத்தின் விலையை உயர்த்திற்று; காலப்போக்கில் எளியவருக்கு அங்கே இடமில்லாது போயிற்று. வெளியோரைத் தடுக்கும் மதில் அங்கு எழவில்லை, விலையே மதிலாயிற்று.

ஆயினும் மரமும் வேலியும் பிழைத்தன. 1967ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக் குடியிருப்பாளருக்கு நிலத்தையே வாங்கும் உரிமையை வழங்கியபோது, பொதுக்கட்டுப்பாடு சிதையக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 1968இல் அவ்வூர் பாதுகாப்புப் பகுதியாயிற்று. 1974இல் உயர்நீதிமன்றம் ஏற்ற நிருவாகத் திட்டத்தின்படி, நிலம் தனியார் உடைமையான பின்னரும் அறக்கட்டளையின் மேற்பார்வை தொடர்ந்தது.

1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வகுத்த நகரத் திட்டமும் இதே பூங்கா நகரக் கருத்தைத் தழுவியதே. எங்கு பின்பற்றினும் இக்கருத்து உணர்த்துவது ஒன்று: வழியை விடுவதும், மரத்தை நிறுத்துவதும், வேலியை அளவோடு வைப்பதும் வீடு எழுமுன் செய்யப்படவேண்டியவை. வீடு எழுந்தபின் விட்டுக்கொடுத்தல் அரிது. வீழ்ந்த மரத்தை நிமிர்த்துதல் அதனினும் அரிது.