மலாயாப் பணமும் யாழ்ப்பாணத்து வறுமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பழைய கல்வீடுகள் பல மலாயாவிலிருந்து வந்த பணத்தால் எழுந்தவை. அப்பணம் யாருடைய வறுமையைத் தீர்த்தது, யாருடைய வறுமையைத் தீண்டாமலே விட்டது என்பது நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

ஆறில்லாத மண், கிணற்று நீரை நம்பிய தோட்டம், முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் துண்டுபட்ட காணி. இந்நெருக்கடியிலிருந்து வெளியேற ஆங்கிலக் கல்வி ஒரு வழியைத் திறந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், பின்னர் பெருகிய பாடசாலைகளும், இலங்கையில் கிடைத்த உத்தியோகங்களுக்கு மிஞ்சிய தொகையினரைப் பயிற்றின. மலாயாவிலோ பிரித்தானியர் புகையிரதப் பாதைகளை அமைத்துக்கொண்டிருந்தனர். முதற்பாதை 1885இல் திறக்கப்பட்டது. எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் நில அளவையாளராகவும் நம்மவர் கப்பலேறினர்.

அவர்கள் அனுப்பிய பணம் ஈட்டிலிருந்த காணியை மீட்டது, தம்பியைப் படிப்பித்தது, தங்கைக்குச் சீதனமாயிற்று, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கட்டியது. இவற்றின் நன்மையை மறுப்பாரில்லை. ஆனால், உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூட வாசலிலோ சாதி காவல் நின்றது. காணி விலையும் சீதனமும் ஏற ஏற, நிலமற்ற கூலியாளுக்கு ஒரு துண்டுக் காணியென்பது மேலும் எட்டாப் பொருளாயிற்று.

1941 டிசெம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. யுத்தம் முடியும்வரை பணவரவு தடைப்பட, மணியோடரை நம்பியிருந்த குடும்பங்கள் தம் வாழ்வின் அத்திவாரம் அயல்நாட்டில் இருந்ததை உணர்ந்தன.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் மத்திய கிழக்கின் வாசல் திறந்தது. இம்முறை ஏழைக் குடும்பத்துப் பெண்களே வீட்டுப் பணிக்காகப் பெருந்தொகையாகச் சென்றனர். ஆகவே, பணம் ஏழையின் அடுப்படியையும் எட்டியது. அதேவேளை, முன்பு குடாநாட்டுக் குடும்பங்கள் நம்பியிருந்ததுபோல் இப்போது நாடு முழுவதுமே அப்பணத்தை நம்பலாயிற்று. வங்கிகள் வழியாக 2020இல் வந்தது ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022இல் வந்தது ஏறத்தாழ 380 கோடி. அந்நியச் செலாவணி வற்றியமைக்கு இவ்வீழ்ச்சியும் ஒரு காரணம். எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் கண்டோம்.

உழைப்பவர் அனுப்பும் பணம் பசியை ஆற்றுகிறது, கடனை அடைக்கிறது. காணியையும் கல்வியையும் நியாயமான கூலியையும் எல்லோருக்கும் உரியதாக்கும் பொறுப்பை அவர்கள் தோளில் ஏற்றுவது அநீதி. அது இங்கிருக்கும் அரசினதும் சமுதாயத்தினதும் கடன்.