வீடு மாறி வந்தவர்களின் சங்கீதம்

திருவனந்தபுரத்தின் இசை வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அதை ஓர் அரண்மனையின் வரலாறாகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள், ஐந்து மொழிகளில் அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் ஏறக்குறைய 400 உருப்படிகள், அவர் சபையை நிறைத்த வித்வான்கள், இறவாரத்தில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கும் குதிரமாளிகை ஆகியவற்றோடு கதை நிறைவடைந்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அரசர் கொடுத்தார், வித்வான் பாடினார் என்ற கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒன்றை மட்டும் விளக்குவதில்லை. இந்த நகரத்துச் சங்கீதத்தில் நேர்ந்த பெரிய திருப்பங்களுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப ஒரே வகையான மனிதர்தான் நிற்கிறார்: தந்தையையோ தாயையோ இழந்தவர், அண்ணன் தம்பிகளைப் பிரிந்தவர், பிறந்த ஊரை விட்டு வந்தவர். வேலை தேடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் பாட்டு அவர்களுக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை, விட்டுப்போன உறவுக்கு ஈடாக வேறொரு உறவையும் தந்தது. இந்த நகரத்துச் சங்கீதத்தை வளர்த்தது மானியம் மட்டுமல்ல, அந்த உறவும்தான் என்பதே என் வாதம்.

அரசரிடமிருந்தே தொடங்கலாம். சுவாதித் திருநாள் 1813-இல் பிறந்தார். கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவர் என்பதால் அவரைக் கர்ப்பஸ்ரீமான் என்பார்கள். அந்தப் பட்டத்தின் பளபளப்பில் மறைந்துபோவது, இரண்டு வயது நிறையும் முன்பே அவர் தாய் கௌரி லட்சுமி பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி. சிற்றன்னை கௌரி பார்வதி பாய் 1829 வரை அவருக்காக ஆட்சியை நடத்தினார். படிப்பித்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பராவ். பாட்டிலும் வல்லவரான அவரே பின்னாளில் திவானும் ஆனார். இந்தக் குழந்தை பிறந்தபோது அரண்மனையைச் சார்ந்த கவிஞர் இரயிம்மன் தம்பி ஒரு தாலாட்டு இயற்றினார் என்பது மரபு. மலையாளத்தில் அதற்கு இணையான புகழ் பெற்ற தாலாட்டு வேறில்லை. அரசவைக் கவிஞர் எழுதிய பாட்டு இன்று கேரளத்தின் எல்லா வீட்டுத் தொட்டில்களுக்கும் சொந்தம். தம்பியின் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சியும் பாட்டும் ஆட்டக்கதையும் எழுதியவர். 1904 வரை வாழ்ந்தவர். தந்தை, மகள், அந்தத் தந்தையின் கண்முன் வளர்ந்த தாயில்லாப் பிள்ளையான அரசர் என்ற இந்த வட்டத்தைச் சபை என்று சொல்வதைவிடக் குடும்பம் என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

தஞ்சை நால்வரின் கதை வேறு விதம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் நட்டுவனார் குடும்பத்துப் பிள்ளைகள். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்றும் பரதநாட்டியக் கச்சேரி நடக்கும் வரிசை இவர்கள் பெயரோடு சேர்ந்தது. தஞ்சை அரசரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு ஊரை விட்டவர்களைத் திருவனந்தபுரம் வரவேற்றது. பிறகு சகோதரர்கள் பிரிந்தார்கள். ஒருவர் மைசூர் போனார், தஞ்சைக்குத் திரும்பியவர்களும் உண்டு. கடைக்குட்டி வடிவேலு மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். ஐரோப்பியரின் பிடிலைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர் அவர். 1834-இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அரசருக்கு அப்போது 21 வயது, வடிவேலுவுக்கு அதைவிடச் சில ஆண்டுகளே கூடுதல். பதவியும் குலமும் இவ்வளவு விலகி இருந்த இருவரிடையே தோழமை வளர்ந்தது என்றால் அதற்கு வயதும் ஒரு காரணம், இருவருமே புதியது தேடியவர்கள் என்பது இன்னொரு காரணம். மோகினியாட்டத்துக்கு வர்ணமும் பதமும் வந்து சேர்ந்ததும் இந்தக் கூட்டுறவில்தான். நால்வரும் தஞ்சையிலேயே சுகமாக இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது வீண் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகிய சபையில் பழகிய வாத்தியமே போதும். அயலூரில்தான் அயல் வாத்தியத்துக்குக் காது கிடைக்கும்.

இந்த வாதத்துக்கு மிகவும் வலுவான சான்று அரண்மனையிலிருந்து வருவதல்ல. 1897-இல் தஞ்சைப் பக்கத்துப் போலகம் கிராமத்தில் ராமாமிர்த ஐயர் என்பவர் இறந்துபோனார். அவர் மனைவி யோகாம்பாள் இரண்டு பிள்ளைகளோடு உறவினர் ஆதரவைத் தேடி 1899-இல் திருவனந்தபுரம் வந்தார். மூத்தவன் ராஜகோபாலன், இளையவன் ராமையா. ராமையாவுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. பிழைப்புக்காகச் செய்த இந்த ஊர்மாற்றம் தமிழ்ச் சங்கீதத்தின் போக்கையே மாற்றியது. அந்த ராமையாதான் பின்னாளில் பாபநாசம் சிவன். அவர் இங்கே மலையாளம் கற்றார், மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் படித்துத் தேறினார், நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் சங்கீதத்தின் அடிப்படைகளைக் கற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, நீலகண்ட சிவனின் பாட்டுகள் ஒலித்த பஜனை கோஷ்டிகளில் வளர்ந்தார். நாகர்கோவிலை அடுத்த வடிவீஸ்வரத்தில் 1839-இல் பிறந்த நீலகண்ட சிவன், பூர்விகல்யாணியிலும் முகாரியிலும் கரகரப்பிரியாவிலும் எளிய தமிழில் சிவனைப் பாடியவர். தெலுங்கும் சமஸ்கிருதமும் கச்சேரி மேடையை ஆண்ட காலத்தில், மலையாள நாட்டின் தலைநகரில், அக்ரஹாரத்துத் திண்ணைகளில் தமிழ்க் கீர்த்தனம் உயிரோடு இருந்தது. அவர் மறைந்தது 1900-இல். சிறுவன் வந்த ஆண்டுக்கும் பெரியவர் மறைந்த ஆண்டுக்கும் இடையே உள்ளது ஓர் ஆண்டு இடைவெளிதான். எனவே இதை வழக்கமான குரு சிஷ்யக் கதையாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பையனுக்குக் கிடைத்தது, ஒருவர் போன பிறகும் அவர் பாட்டைத் தினமும் பாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம். பஜனை கோஷ்டியின் இயல்பே அது. அங்கே குரல் நல்லதா கெட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. முன்னடியைப் பெரியவர் எடுத்தால் பின்னடியைக் குழந்தைகூட வாங்கிப் பாடலாம். தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சபைக் கச்சேரி தராத ஓர் இடத்தை அது தந்தது.

1910-இல் தாயும் இறந்தபோது ராமையா இந்த நகரத்தை விட்டுப் புறப்பட்டு, கோயில் கோயிலாகப் பாடித் திரிந்து, அண்ணன் வாழ்ந்த பாபநாசத்துக்கு வந்தார். ஊர்க்காரர்கள் அவரைச் சிவன் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பிறகு மயிலாப்பூர் வாசம், கபாலீஸ்வரர் மாடவீதியில் மார்கழி பஜனை, 'அசோக்குமார்', 'சிவகவி' படப் பாட்டுகள், 1971-இல் சங்கீத கலாநிதி விருது என்று எல்லாம் தமிழர் அறிந்ததே. அந்த மாடவீதி பஜனையின் வேர் திருவனந்தபுரத்துக் கரமனை ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சிவனின் சொற்களில் வடமொழி மிகுதி என்று குறைசொல்வோர் உண்டு. அவர் படித்த கல்லூரியை நினைத்தால் அதன் காரணம் புரியும். அந்த வடமொழியையும் மீறி அவர் பாட்டு சாமானியன் வாயில் ஏறுகிறதே, அந்த எளிமை நீலகண்ட சிவனின் வழியில் வந்தது. திருவனந்தபுரம் தமிழுக்குக் கொடுத்தது இது ஒன்று மட்டுமல்ல. இன்று தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, இதே நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த நூல் வெளிவந்தது 1891-இல்.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இப்படி வந்தவர்கள் அனைவரும் அரசின் நிழலில்தானே வாழ்ந்தார்கள்? மானியம் நின்றிருந்தால் உறவும் பக்தியும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? இந்தக் கேள்விக்கு வரலாறே ஒரு சோதனை வைத்திருக்கிறது. சுவாதித் திருநாள் 1846-இல் 33 வயதில் இறந்தார். அடுத்து வந்த தம்பி உத்திரம் திருநாளின் நாட்டம் கதகளியில் இருந்தது. வித்வான்களின் கூட்டம் மெல்லக் கலைந்தது. அரண்மனை ஆதரவு மட்டுமே போதும் என்றால், அரண்மனை நிலைத்திருந்த அத்தனை ஆண்டுகளும் அந்தப் பாட்டுகளும் நிலைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பல உருப்படிகளுக்குச் சாகித்தியம் மட்டுமே மிஞ்சியது, வர்ணமெட்டு போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவற்றில் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. வீணை எஸ். பாலசந்தர் 1980-களில் சுவாதித் திருநாளின் பேரில் வழங்கும் பாட்டுகள் அவருடையவைதாமா என்று கிளப்பிய சண்டைக்கு இடம் கொடுத்ததும் இந்த இடைவெளிதான். பாலசந்தர் போன தூரத்துக்கு நான் போகமாட்டேன். ஆனால் இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பலவும் பின்வந்தவர்களின் கற்பனை என்பதை ஒப்புக்கொள்வதில் அரசருக்கு எந்த இழுக்கும் இல்லை. முறை தவறாமல் தொடர்ந்து வந்தது எது என்று பார்த்தால், இந்த நகரத்து நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கச்சேரிக்கு முன் தோடயமங்கலம் பாடும் முல்லமூடு பாகவதர்களின் பரம்பரைப் பாட்டு. தகப்பன் பாட மகன் கேட்டுப் பாடியது அது. பணம் சங்கீதத்தை ஓர் ஊருக்கு வரவழைக்கும். அதை அங்கே தங்கவைக்க வீடுகள் வேண்டும்.

முத்தையா பாகவதரின் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தவர் அவர். மன்னர் சித்திரைத் திருநாள் அழைப்பில் இங்கே வந்து, 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீத அகாதெமிக்கு முதல் தலைவரானார். அவருக்குப் பின் செம்மங்குடி அந்தப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். குருகுலத்து உறவு கல்லூரி வகுப்பாக மாறியபோது எதை இழந்தோம் என்று புலம்புவோர் உண்டு. அந்தப் புலம்பலில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கல்லூரி திறந்த கதவு ஒன்று குருகுலத்தில் இருந்ததே இல்லை.

அந்தக் கதவைப் பற்றிப் பேசும்போதுதான் என் வாதத்துக்கு எதிரான இரண்டாவது மறுப்பு வருகிறது. முதலாவதைவிட இது கூர்மையானது. பாட்டு குடும்பத்தைத் தந்தது என்கிறாயே, யாருக்குத் தந்தது? ஊர்விட்டு வந்த தமிழ்ப் பிராமணருக்கு இங்கே ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு இருந்தது, அக்ரஹாரம் இருந்தது, கோயில் இருந்தது. விதவைத் தாய் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு துணிந்து வர முடிந்ததற்கு அந்தச் சலுகைகளும் காரணம். இதே நாட்டில் 1936-ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை, மக்களில் பெரும்பகுதியினர் அந்தப் பாட்டை மதிலுக்கு வெளியே நின்றுகூடக் கேட்க முடியாத நிலை. நால்வர் இசை வேளாளர், சுவாதித் திருநாளின் சபைப் பாடகர் கோவிந்த மாரார் கோயில் வாத்தியக் குலத்தவர், இரயிம்மன் தம்பி நாயர் என்று அடுக்கிப் பார்க்கலாம். அரசவை பிராமணருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது. மறுப்பை நான் ஏற்கிறேன். பாட்டு கட்டிய வீட்டுக்கு வாசலும் இருந்தது, வாசலில் காவலும் இருந்தது.

பெண்களுக்கு அந்தக் காவல் இன்னும் நீண்ட காலம் விலகவில்லை. 1924-இல் பாறசாலையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொன்னம்மாள், 1942-இல் அகாதெமியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் மாணவி அவர். முதல் வகுப்பில் தேறி, அங்கேயே ஆசிரியராகி, பிறகு திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வருமானார். செம்மங்குடி பாடிய நவராத்திரி மண்டபம் அவர் வாழ்ந்த நகரத்திலேயே இருந்தது. ஒன்பது இரவுகளுக்கு ஒன்பது கீர்த்தனங்கள் என்று அங்கே பாடப்படும் வரிசையைத் தலைமுறை தலைமுறையாக மாணவருக்குக் கற்பித்தவரும் அவர். ஆனால் அங்கே உட்கார்ந்து பாட அவருக்கு அனுமதி கிடைத்தது 2006-இல். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவர்தான். சரஸ்வதிக்கு முன்னால் பாடப் பெண்ணுக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்தது என்பதற்கு எந்த ஆசாரமும் நியாயமான சமாதானம் ஆகாது. தடை உடைந்ததற்குக் காரணம், ஒருத்தி அறுபது ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்துச் சேர்த்த மாணவர் கூட்டமும் மரியாதையும். அவர் 2017-இல் பத்மஸ்ரீ பெற்று, 2021-இல் மறைந்தார்.

அந்தச் சரஸ்வதியும் வெளியூரிலிருந்து வருகிறவள்தான். கம்பர் வழிபட்டது என்று மரபு சொல்லும் அந்த விக்கிரகம் பத்மநாபபுரத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் வேளிமலை முருகனோடும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து திரும்புகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது, மண்டபம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் இரண்டு மாநிலக் காவல்துறையும் ஊர்வலத்துக்கு மரியாதை செய்கின்றன. அரசுகள் பார்த்துக்கொள்வதால் இந்த ஊர்வலம் நிற்காது. நிற்கக்கூடியது வேறு: கோட்டையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வடிவீஸ்வரத்திலும் பழைய வீடுகளின் பரணில் கிடக்கும் பாட்டு நோட்டுகள். ஒரு பாட்டிக்கு அவள் அத்தை சொல்லிக்கொடுத்த மெட்டு, எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு சரணம், ஓரத்தில் குறித்த தாளக் கணக்கு ஆகியவை அவற்றில் இருக்கக்கூடும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது அவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விடுகின்றன. அப்படி ஒரு நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நகலெடுத்து ஏதாவது ஓர் இசைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அதைப் பாடத் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், முதலில் அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள்.