கட்டடத்துக்கு வெளியே: வடபுல நூலகங்களும் வங்காலைக் கரைப் பிள்ளைகளும்

மன்னார் நகருக்குத் தெற்கே, தீவைத் தாண்டிப் பெருநிலக் கரையில் இருக்கிறது வங்காலை. புனித ஆனாள் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்க மீன்பிடி ஊர். நிர்வாகத்தில் நானாட்டான் பிரிவைச் சேர்ந்தது. இவ்வூரின் பெயர் வெளியே அச்சாகும்போது ஒன்று போர்க்கால இழப்பைப் பற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் பறவைகளைப் பற்றியதாக இருக்கும். 2008இல் சரணாலயமான இதன் சதுப்பு நிலம் 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வலசை வரும் பறவைக்குக் கிடைத்த கவனம் இவ்வூர்ப் பிள்ளையின் வாசிப்புக்குக் கிடைத்ததில்லை. பொது நூலகம் என்ற நிறுவனம் வடபுலத்தில் சிறுவரையும் பதின்ம வயதினரையும் எப்போது தன் கணக்கில் எடுத்தது, அவர்களைத் தேடி எவ்வளவு தூரம் போனது என்பதை இக்கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நூலகம் வருமுன்பே மன்னார்க் கரையில் இளைஞர்களைப் பனுவலோடு பிணைத்த ஒன்று இருந்தது. அது நாட்டுக்கூத்து. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகளில் புனிதர் வரலாறுகளும் அரச கதைகளும் ஆடப்பட்டன. கூத்தின் பிரதி அண்ணாவியாரிடம் இருக்கும். அவர் சொல்லிக்கொடுக்க, பகலெல்லாம் கடலிலும் வயலிலும் உழைத்தவர்கள் இரவில் கூடி வரிவரியாக மனப்பாடம் செய்வார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கும் பாத்திரம் உண்டு. இப்பிரதிகளில் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அச்சேற்றினார். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இவற்றை நாடகமாகவே படித்திருக்கிறார்கள். நூலக வரலாற்றுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: வேலை முடிந்த நேரத்தில், ஊருக்குள்ளேயே, வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதமின்றிப் பனுவல் இளையோரைத் தேடி வந்தது. பிற்காலப் பொது நூலகம் இந்த மூன்றில் ஒன்றையும் எளிதில் செய்யவில்லை.

வடபுலத்தின் நவீனப் பொது நூலகக் கதை க. மு. செல்லப்பாவின் வீட்டில் தொடங்குகிறது. 1933இல் அவர் தம்மிடமிருந்த புத்தகங்களை வீட்டிலிருந்தே இரவல் கொடுத்தார். இலவசத் தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று வேண்டுகோளும் விடுத்தார். 1934 ஆகஸ்ட் 1 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களுடன் நூலகம் திறந்தது. 1935 தொடக்கத்தில் நகர சபை அதைப் பொறுப்பேற்றது. அதே 1935இல்தான் வட இலங்கைத் தமிழாசிரியர்களின் முயற்சியில் ‘பிள்ளைப் பாட்டு’ தொகுப்பு வெளிவந்தது. சிறுவருக்கென்று எழுத வேண்டும் என்ற உணர்வு ஆசிரியர்களிடம் பிறந்துவிட்டது. சிறுவருக்கென்று ஓர் அலுமாரி வேண்டும் என்ற உணர்வு நூலகத்தில் பிறக்க இன்னும் நெடுங்காலம் ஆனது.

எவ்வளவு காலம் என்பதை ஆண்டுக் கணக்கே சொல்லும். நகர முதல்வர் சாம் சபாபதி காலத்தில், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றோரின் உழைப்போடு புதிய கட்டடத்துக்கான திட்டம் உருவானது. இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை தந்தார். கே. எஸ். நரசிம்மன் திராவிடக் கட்டடப் பாணியில் வரைபடம் தந்தார். 1959 ஒக்டோபர் 11 அன்று முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார். சிறுவர் பகுதி திறந்தது 1967 நவம்பர் 3 அன்று. ஆஸ்பத்திரி வீதி அறையிலிருந்து கணக்கிட்டால் 33 ஆண்டுகள். அழகிய கட்டடம் எழுந்த பிறகும் 8 ஆண்டுகள்.

இந்தத் தாமதம் அறியாமையால் வந்ததன்று. ஆலோசனை சொன்ன ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, குரோய்டன் நகர நூலகத்தில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார். சேயர்ஸ் சிறுவர் நூலகம் பற்றி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனி நூல் எழுதியவர். 1931இல் வெளிவந்த ரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்பதும் ஒன்று. அந்த வாசகர் எட்டு வயதுக்காரராகவும் இருக்கலாம். அதே 1931 ஒக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டியில் நூலகம் ஒன்று புறப்பட்டு, சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் வண்டி ஓடிய காலத்தில் இந்தப் பக்கம் அதைப் பின்பற்ற மாட்டுக்கோ வண்டிக்கோ பஞ்சம் இருக்கவில்லை.

பஞ்சமாக இருந்தது சட்டமும் பணமும். சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றிச் சொத்து வரியோடு நூலக வரியும் பெற வழி செய்தது. இலங்கையில் நூலகம் உள்ளூராட்சிச் சபைகளின் பல கடமைகளில் ஒன்றாக, வடிகாலுக்கும் சந்தைக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டது. 1970இன் தேசிய நூலகச் சேவைகள் சபைச் சட்டமும் வழிகாட்டலைத் தந்ததே தவிர, கிராமச் சபைக்கு நிரந்தர வருமானத்தைத் தரவில்லை. ஆதலால் வரி வருமானம் உள்ள நகரம் நூலகம் பெற்றது. கரையோர ஊர் காத்திருந்தது. சிறுவர் சேவையின் வரலாறு நகர வரலாறாக எழுதப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இடைவெளியை நிரப்பியவை வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும். ஒரு நீள மேசை, இரண்டு வாங்கு, பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலர் கையில் இருக்கும் ஒரே பத்திரிகை. பெரியவர் அரசியல் பக்கத்தை முடித்துத் தரும்வரை சிறுவன் சிறுவர் பக்கத்துக்காகக் காத்திருப்பான். நூலகவியல் அறிந்தவர் எவரும் அதைச் சிறுவர் சேவை என்று ஒப்பமாட்டார். ஆனாலும் அது நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. பெண்பிள்ளைகள் அந்த வாங்கில் இருந்தது அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாசிகசாலையைக் கொண்டாடுவோர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையானது. இப்பேரழிவைப் பற்றிய எழுத்துகள் ஓலைச்சுவடிகளையும் கிடைத்தற்கரிய பதிப்புகளையும் பட்டியலிடுகின்றன, அது நியாயமே. சிறுவர் பகுதி மட்டும் அப்பட்டியல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. திறந்து பதினான்கு ஆண்டுகள்கூட நிறையாத பகுதி அது. ஒரே ஒரு தலைமுறைதான் அதன் வழியாக வளர்ந்து வெளியேறியிருந்தது. 1984அளவில் திருத்தப்பட்ட கட்டடம் மறு ஆண்டே மீண்டும் சிதைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அது முறையாகத் திரும்பக் கிடைக்க 2003 வரை ஆனது. 1981இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது 32 வயது.

வங்காலை அதே காலத்தில் வேறு கணக்கில் இருந்தது. 1985 சனவரியில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அங்கே கொல்லப்பட்டார். 1990இலும் 2006இலும் மன்னார்க் கரையிலிருந்து குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் பதிந்தன. வீடு விட்டு ஓடுகையில் பாடப்புத்தகமே மிஞ்சுவது கடினம். இரவல் அட்டையும் திருப்பிக் கொடுக்கும் திகதியும் ஊரில் இருப்பவர்களுக்கானவை. இடம்பெயர்ந்தோரைத் தொடர்ந்து செல்லும் புத்தகச் சேவை எதையும் எங்கள் பொது நூலக அமைப்பு உருவாக்கவில்லை என்பது அதன் வரலாற்றில் பெரிய ஓட்டை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம், எரிக்க முடியாத சேமிப்பு என்ற வகையில் அதற்கு ஒரு பதில். ஆயினும் அது முதன்மையாக ஆவணக் காப்பகம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் படம் பார்க்கத் தரும் புத்தகம் அங்கே பிரதான நோக்கமன்று.

போருக்குப் பிந்திய காலத்தில் பிரதேச சபை நூலகங்களில் சிறுவர் பகுதி என்ற பெயர்ப்பலகை பரவலாகிவிட்டது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. கட்டுரை, பேச்சு, சித்திரப் போட்டிகள் நடக்கின்றன, சான்றிதழ் வழங்கப்படுகிறது. என் கருத்தில் போட்டி ஏற்கனவே வாசிக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் முறை. வாசிக்காத பிள்ளை அந்த மாதத்திலும் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கும். பதின்ம வயதினர் நிலை இன்னும் மோசம். படக்கதை அலுமாரியை விட்டு வளர்ந்தவருக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பது சாதாரண தரத்தினதும் உயர் தரத்தினதும் கடந்தகால வினாத்தாள்கள். பரீட்சை முடிந்ததும் அவர் நூலகத்துக்கு வர வேறு காரணம் இல்லை. பதினைந்து வயதில் படகில் ஏறத் தொடங்கிய பையனுக்கோ அந்த ஒரு காரணமும் கிடையாது.

1994இன் யுனெஸ்கோ பொது நூலகப் பிரகடனம் நூலகத்தின் பணிகளைச் சொல்லும்போது, சிறு வயதிலேயே வாசிப்புப் பழக்கத்தை ஏற்படுத்துவதை முதலாவதாக வைத்தது. எங்கள் சபைகளின் வரவுசெலவுத் திட்டத்திலும் அதற்கு ஓர் இடம் வேண்டும். கேட்பது புதுக் கட்டடமன்று. நூலகக் கொள்வனவுத் தொகையில் ஒரு பங்கைப் புத்தகப் பெட்டிகளுக்கும், அவற்றைக் கொண்டுசெல்லும் முச்சக்கரவண்டியின் எரிபொருளுக்கும், மாலையில் வாசித்துக்காட்டும் ஒரு பணியாளரின் மேலதிக நேரத்துக்கும் ஒதுக்கலாம். முன்பள்ளி, ஆலய மண்டபம், மீன்வாடி என்று வாரத்துக்கு ஓரிடம் போதும். மன்னார் மாவட்ட உள்ளூராட்சி உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவு விவாதத்தில் இந்த ஒரு தலைப்பைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.