அரிப்பிலிருந்து கிளம்பிய செய்தி

1679 ஒக்டோபரில் இரண்டு ஆங்கிலேயர் அருவி ஆற்றங்கரைக் காட்டைக் கடந்து மன்னார்க் கடற்கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் றொபேட் நொக்ஸ். கண்டி அரசனின் நாட்டில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தவர். அவர் கண்டதும் கேட்டதும் மன்னார், கொழும்பு, பத்தாவியா என்று கடல் சுற்றி லண்டன் போய், 1681 இல் புத்தகமாயிற்று. அரிப்பிலிருந்து அச்சுக்கூடம் வரை இரண்டு ஆண்டுப் பயணம். ஆனாலும் கண்டி இராச்சியத்து வாழ்க்கையை அறிய இன்றும் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறோம்.

பிறகு பிரித்தானியர் வந்தார்கள். 1802 இல் அரச வர்த்தமானி அச்சேறத் தொடங்கியது. முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் இந்தக் கரையில் வியாபாரிகளும் சுழியோடிகளும் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். அதைப் பார்த்து எழுதியவர்களில் பேர்சிவல் படை அதிகாரி; கோர்டினர் மதகுரு. மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவன் தன் கதையைத் தானே எழுதி அச்சேற்றும் வழி அன்று இருக்கவில்லை. அந்த நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான்.

இந்த நிலைமையை இணையம் மாற்றியது. 1997 இல் தொடங்கிய தமிழ்நெற் செய்தித்தளம், வடக்குக் கிழக்கு ஊர்களில் இருந்த செய்தியாளர்களைக் கொண்டே செய்தி திரட்டியது. ஊரில் நடந்தது அன்றைக்கே ரொறன்ரோவில் வாசிக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அதன் ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் அந்தத் தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து இராணுவம் சிலாவத்துறையைப் பிடித்தபோது, அரிப்பும் அடங்கிய முசலிப் பகுதிச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். தங்களைப் பற்றிய செய்தியைத் தங்கள் நாட்டில் இருந்தபடி நேராகத் திறந்து படிக்க அவர்களுக்கு வழியில்லை. 2015 இல்தான் தடை நீங்கியது.

இன்று அரிப்பிலிருந்து செய்தி அனுப்ப ஒரு கைத்தொலைபேசி போதும். அதிகம் போவது கடலோரத்து இடிபாட்டின் காணொளிதான். ட்ரோன் மேலே எழும்பும். செங்கல் தெரியும் சுவர், கீழே அலை, பின்னணியில் இசை. தலைப்பில் ‘அல்லிராணியின் அரண்மனை’. அரை மணித்தியாலத்தில் எடுத்து முடித்துவிடலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போடுவார், செய்தித்தளமும் அதையே வெளியிடும். முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குவதற்காக, 1800களின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை அது என்ற தகவல் அந்த ஓட்டத்தில் உதிர்ந்துபோகிறது.

பழங்கதை அரசியான அல்லிராணியின் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இந்தக் கரையின் சொத்து. ஊரார் சொல்லும் கதை என்று சொல்லியே அதை எழுதலாம். கதையை வரலாறு என்று விற்பதுதான் பிழை. முன்பு பத்திரிகையில் ஒரு துணையாசிரியர் இருந்து, “இதை யார் சொன்னது?” என்று கேட்பார். இப்போது அந்தக் கேள்வியைப் படம் எடுப்பவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடல் அந்தச் சுவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் திகதியோடு சேர்ந்தால், எந்தத் திணைக்களமும் ஒதுக்கிவிட முடியாத சாட்சியாகும். அந்த வேலையை வெளியிலிருந்து வந்து போகிறவர்கள் செய்யமாட்டார்கள்.

அரிப்புப் பிள்ளைகளே, நீங்கள் எடுங்கள். திகதி போடுங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரைப் போடுங்கள். 2007 இல் நடந்து போன உங்கள் அம்மம்மாக்களின் குரலை, அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.