படுவான்கரையும் மகப்பேற்று மனச்சோர்வும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஞாயிறு படும் திசையில் அமைந்த நிலம் படுவான்கரை எனப்படும். போரதீவுப்பற்றின் வெல்லாவெளி அக்கரை ஊர்களுள் ஒன்றாகும். மணமான மகள் தாய்வீட்டை ஒட்டியே வாழ, மருமகன் ஆங்கு வந்து சேர்வது இப்பகுதியின் பழைய வழக்கம். மகப்பேற்றின் பின்வரும் மனநோயின் வரலாற்றை ஆராய்வார்க்கு இவ்வழக்கம் சிந்தித்தற்குரியது.

அந்நோய் புதியதன்று. பிரெஞ்சு மருத்துவர் மார்சே 1858 ஆம் ஆண்டிலேயே அதுபற்றித் தனிநூல் இயற்றினார். ஆயினும் மருத்துவ உலகம் நெடுங்காலம் கருத்திற் கொண்டது வெளிப்படையான பித்தையே. நம்மவரோ அதனைச் சன்னி என்றும் பேய்க்குணம் என்றும் கூறி அமைந்தனர். ஈன்ற சில நாளில் தோன்றும் அழுகை இரு வாரத்துள் தானே தணிவது இயல்பு. அதன்பின்னும் நீங்காத சோர்வு, குழந்தை உறங்கும்போதும் உறங்கவியலாமை, தன்னையே பழித்தல் ஆகியன நோயின் குறிகள். வாய்திறவாது வாடும் இத்தாயரை இனங்காண 1987 இல் கொக்சும் அவர்தம் துணைவரும் எடின்பரோ அளவுகோலை வகுத்தனர். பத்தே வினாக்கள். அதன் தமிழ் வடிவம் வேலூரிற் சோதிக்கப்பெற்று 2005 இல் வெளிவந்தது.

வேலூரை அடுத்த கணியம்பாடியில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வு, ஈன்ற மகளிருள் நூற்றுக்குப் பதினொருவர் இந்நோய் எய்தினரெனக் காட்டிற்று. வறுமை, ஆண்மகவு வேண்டியிருக்கப் பெண்மகவு பிறத்தல், உதவியின்மை, மாமியாரோடு பிணக்கு ஆகியன காரணங்களாயின. அங்ஙனமாயின் தாய்வீட்டில் வாழும் மட்டக்களப்புப் பெண் தப்பினாளோ? அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாய்வு பெற்றோரோடு கொண்ட பிணக்கையும் உடன்வைத்தே எண்ணுகின்றது. அன்றியும், 2007 வரை போர் நிகழ்ந்த படுவான்கரையில் துணைநிற்கத் தாயே இல்லாத வீடுகளும் உள.

1926 இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே, குடும்பநல மாது இன்றும் ஈன்றாளை வீடுதேடிச் செல்கின்றாள். இராவல்பிண்டியை அடுத்த சிற்றூர்களில் இத்தகைய பணியாளரே பயிற்சிபெற்று உரையாடி உதவினர். கருவுற்ற காலத்திலேயே நோயுற்றிருந்த தாயருள், ஆறு திங்களில், உதவி பெற்றோரில் நூற்றுக்கு 23 பேரும் பெறாதோரில் 53 பேரும் நோயோடிருந்தனரென 2008 ஆம் ஆண்டு ஆய்வு கூறும். மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று யாம் அறியோம்.

அளவுகோலின் பத்தாம் வினா தன்னுயிர்க்குத் தீங்கிழைக்கும் எண்ணம் பற்றியது. அதற்கு ஆமென்பாளையும், இல்லாதன கண்டும் கேட்டும் கலங்குவாளையும் தனியே விடாது, அன்றே பட்டிருப்புப் பாலங் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு அழைத்தேகல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண்ணும், சுகாதாரப் பிரிவு தொடங்கிய ஆண்டைப் போன்றே, 1926 ஆகும்.