வகுப்புப் பதிவும் நிகழ்ச்சி டிக்கெட்டும்: நம் ஜமாஅத் இணையதளத்துக்கு எந்த பிளக்இன்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நம் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகைகளில் கோடைகால மார்க்க வகுப்புகளின் விளம்பரம் வந்துவிடும். கூடவே பழகிப்போன குழப்பமும் வரும். ஒரு தாய் ஜிபேயில் 300 ரூபாய் அனுப்பி, ஸ்கிரீன்ஷாட்டை நிர்வாகி ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். முதல் நாள் பிள்ளையை அழைத்துப் போனால் பட்டியலில் பெயர் இல்லை. பணம் யார் கணக்கில் விழுந்தது? 40 இடங்களுக்கு 50 பேரிடம் எப்படி வாங்கினார்கள்? யாரும் மோசடி செய்யவில்லை. எழுதி வைக்க ஒழுங்கான முறை இல்லை, அவ்வளவுதான்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். இணையதளத்தில் பதிவுக்கென்று ஒரு பிளக்இன் சேர்ப்பதும் அந்த எழுதி வைக்கும் வேலைதான். எனவே எது பார்க்க அழகாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, பணத்தையும் பெயர்களையும் எது பிசகாமல் பேணும் என்று பார்ப்பதே முக்கியம்.

முதலில், பிளக்இன் தேவையா?

கைப்பேசியில் புதிய செயலியை நிறுவுவது போல, வேர்ட்பிரஸ் இணையதளத்தில் கூடுதல் வசதிக்காக நிறுவுவது பிளக்இன். தமிழில் செருகுநிரல் என்பார்கள். நம் அமைப்புகளின் தளங்கள் பலவும் வேர்ட்பிரஸில் இருப்பதால் அதை வைத்தே இங்கு பேசுகிறோம்.

ஆண்டுக்கு ஒரு வகுப்பு, முப்பது பிள்ளைகள் என்றால் எதுவும் நிறுவ வேண்டாம். கூகுள் ஃபார்ம், அறக்கட்டளைக் கணக்கின் கியூஆர் அட்டை, ஒரு பதிவேடு போதும். ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சி என்றால் ரேஸர்பே, இன்ஸ்டாமோஜோ போன்ற நிறுவனங்கள் தரும் கட்டணப் பக்கமே போதும். அதற்கு இணையதளம்கூட அவசியமில்லை. பல வகுப்புகள், பல நேரங்கள், ஆண்டு முழுதும் நிகழ்ச்சிகள் என்று வளரும்போதுதான் பிளக்இன் தேவைப்படுகிறது.

வகுப்பு வேறு, டிக்கெட் வேறு

வகுப்புப் பதிவு என்பது மாதக்கணக்கில் கையில் வைத்திருக்க வேண்டிய பட்டியல். பிள்ளையின் வயது, எந்த நேர வகுப்பு, அவசரத்துக்கு யாரை அழைப்பது ஆகியவை அதில் வேண்டும். டிக்கெட் என்பது ஒரு நாள் வாசலில் காட்டி உள்ளே போவதற்கு. அங்கே ஒரே டிக்கெட்டில் இருவர் வராமல் இருப்பதும், வரிசை நகர்வதும்தான் பிரச்சினை. ஒன்றுக்காகச் செய்த பிளக்இன் மற்றதற்குச் சரியாக வராது.

இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. ஒரு தாய் மூன்று பிள்ளைகளை ஒரே தடவையில் பதிவு செய்தால், உங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள் வருகின்றனவா, அல்லது தாயின் பெயரும் பக்கத்தில் 3 என்ற எண்ணும் மட்டும் வருகின்றனவா? இரண்டாவது என்றால் வருகைப் பதிவேடு எடுக்கவே முடியாது.

பணம் எந்த வழியில் வரும்?

வெளிநாட்டில் எழுதப்பட்ட பிளக்இன்கள் பெரும்பாலும் பேபால், ஸ்ட்ரைப் ஆகிய இரண்டையும் நம்பியே வருகின்றன. பேபால் இந்தியாவுக்குள்ளேயே பணம் அனுப்பிப் பெறும் சேவையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே தருகிறது. நம் மக்கள் செலுத்துவதோ யுபிஐயில். ஆகவே எந்த பிளக்இனைப் பார்த்தாலும் முதல் கேள்வி, இதில் யுபிஐ வாங்கும் இந்தியக் கட்டண நுழைவாயில் இணையுமா என்பதே.

நுழைவாயில் கணக்கை அறக்கட்டளையின் பெயரிலேயே திறக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம், பான் எண், வங்கிக் கணக்கு கேட்பார்கள். தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் விதி ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்க வேண்டும். அலைச்சலாக இருக்கிறது என்று செயலாளரின் சொந்தக் கணக்கைக் கொடுத்துவிடக் கூடாது. பிற்பாடு பேச்சு கேட்பது அவர்தான்.

ரேஸர்பேயின் வழக்கமான கட்டணம் 2 விழுக்காடு, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 300 ரூபாயில் 7 ரூபாய் 8 காசு போகும். அதை யார் ஏற்பது என்பதை மஷ்வராவில் முடிவு செய்து முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கல்விக் கட்டணம், பொது நன்கொடை, ஜகாத் மூன்றையும் ஒரே படிவத்தில் கலக்க வேண்டாம். ஜகாத்துக்கு உரியவர்கள் வேறு, கணக்கும் வேறு. அதுபோல, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடம் நன்கொடை பெற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். அது இல்லாத அமைப்புகள் நன்கொடைப் பக்கத்தில் வெளிநாட்டு அட்டைகளை ஏற்காமல் இருப்பதே பாதுகாப்பு.

எந்த பிளக்இன்?

வகுப்புப் பதிவு மட்டும் என்றால் படிவ பிளக்இன் போதும். கிராவிட்டி ஃபார்ம்ஸ், ஃபுளூயன்ட் ஃபார்ம்ஸ் இரண்டிலும் ரேஸர்பேயை இணைக்கலாம். முன்னது முழுதும் கட்டண பிளக்இன். பின்னதில் ரேஸர்பே வசதி கட்டணப் பதிப்பில் மட்டும். இலவசம் என்று எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கான்டாக்ட் ஃபார்ம் 7 தானாக எதையும் சேமிப்பதில்லை, மின்னஞ்சல் மட்டும் அனுப்பும். அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் விழுந்தால் பிள்ளையின் பெயரும் அதோடு போயிற்று.

பல வகுப்புகளும் நிகழ்ச்சிகளும் உள்ள அமைப்புக்கு வூகாமர்ஸ் நல்ல அடித்தளம். அது இலவசம்; ரேஸர்பே அதற்கென்று அதிகாரப்பூர்வ பிளக்இன் வைத்திருக்கிறது. கடைக்காகச் செய்ததுதான் என்றாலும் நமக்கும் பொருந்தும். 'காலை வகுப்பு, ஆண் பிள்ளைகள்', 'மாலை வகுப்பு, பெண் பிள்ளைகள்' என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருப்பு 40 என்று வைத்தால், நாற்பது நிரம்பியதும் பதிவு தானே மூடிக்கொள்ளும்.

டிக்கெட்டுக்கு வூகாமர்ஸின் மேல் ஃபூஈவென்ட்ஸ் என்ற கட்டண பிளக்இனைச் சேர்க்கலாம். வருபவர் ஒவ்வொருவரின் பெயரையும் தனித்தனியே வாங்கி, தனித்தனி டிக்கெட் தரும். வாசலில் தன்னார்வலர் கைப்பேசியில் ஸ்கேன் செய்து அனுமதிக்கலாம். ஈவென்ட் டிக்கெட்ஸ் என்பதும் பிரபலமானது. இலவச நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அறிய அதன் இலவசப் பதிப்பே போதும். ஆனால் அதை வூகாமர்ஸோடு இணைக்க ஈவென்ட் டிக்கெட்ஸ் பிளஸ் என்ற கட்டணப் பதிப்பை வாங்க வேண்டும். நேரடி வகுப்புக்கு லேர்ன்டேஷ் போன்ற இணையவழிப் பாட பிளக்இன்கள் தேவையில்லை.

கடைசி இடம் யாருக்கு?

வூகாமர்ஸில் பணம் கட்டாமல் பாதியில் நிற்கும் பதிவுக்காக இடம் 60 நிமிடம் பிடித்து வைக்கப்படும். இடங்கள் வேகமாக நிரம்பும் வகுப்பு என்றால் அமைப்புகளில் அதை 15 நிமிடமாகக் குறைக்கலாம்.

இன்னொன்று, அடிக்கடி நடப்பது. பெற்றோர் யுபிஐ செயலியில் பணம் செலுத்திவிட்டு இணையதளத்துக்குத் திரும்பாமல் கைப்பேசியை மூடிவிடுவார்கள். பணம் போயிருக்கும், பதிவு நிலுவையில் நிற்கும். நுழைவாயிலில் வெப்ஹுக் என்ற வசதியை இயக்கி வைத்தால் பணம் வந்த தகவல் தளத்துக்குத் தானே வந்து சேரும். தளம் அமைத்துத் தருபவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி உண்டு என்று பிளக்இன் சொன்னாலும், இந்தியாவில் அமைப்பின் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்தால்தான் செய்தி போகும். அதுவரை, பதிவு முடிந்ததும் திரையில் தோன்றும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பெண்கள், பிள்ளைகளின் விவரம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்களின் கைப்பேசி எண் தெரியாதவர் கைக்குப் போவதை நாம் யாரும் விரும்புவதில்லை.

ஆதார் எண் கேட்காதீர்கள். முழு முகவரி வேண்டாம், பகுதி போதும். அதையும் குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று தேர்வுப் பட்டியலாக வையுங்கள். வேன் ஏற்பாடு செய்ய நேர்ந்தால் எந்தப் பகுதியில் எத்தனை பிள்ளைகள் என்று உடனே தெரியும். வருவோர் பட்டியலைப் பக்கத்திலேயே காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கூகுள் ஃபார்மிலும் பதில்களின் தொகுப்பை மற்றவர்களுக்குக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் வகுப்பின் பட்டியல் பொறுப்பாளரான சகோதரியிடம் மட்டும் இருக்கட்டும். வகுப்பு முடிந்த சில மாதங்களில் தேவையற்ற விவரங்களை அழித்துவிடலாம்.

கட்ட முடியாத குடும்பம்

வூகாமர்ஸில் நூறு விழுக்காடு தள்ளுபடிக் கூப்பன் உருவாக்கலாம். இமாமோ பொறுப்பாளரோ அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கூப்பன் எண்ணைக் கொடுத்தால், மற்றவர்களைப் போலவே அவர்களும் பதிவு செய்வார்கள். வகுப்பில் வருகை எடுப்பவருக்கு யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது தெரியாது. மேசைக்கு முன் நின்று எல்லோர் காதிலும் விழ வறுமையைச் சொல்ல வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வராது. எங்களைக் கேட்டால், வேறெந்த வசதியையும்விட இதுவே பெரிது.

இணையம் பழகாத பெரியவர்களுக்காக ஜுமுஆவுக்குப் பின் ஒரு மேசை போடுங்கள். ரொக்கம் வாங்கியவுடன் தன்னார்வலர் அதே தளத்தில் பதிவேற்ற வேண்டும். தனி நோட்டுப் புத்தகம் ஒன்று ஆரம்பித்தால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

மழையும் பிறையும்

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் தண்ணீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்கும் நிகழ்ச்சி தள்ளிப்போகலாம். பெருநாளை ஒட்டிய ஒன்றுகூடலோ பிறையைப் பொறுத்து ஒரு நாள் மாறும். ஆகவே தேதியை மாற்றினால் வாங்கியவர்கள் அனைவருக்கும் ஒரே முறையில் தகவல் அனுப்ப முடியுமா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள்.

பணம் திருப்பித் தரும் விதியை டிக்கெட் விற்கும் முன் எழுதிவிடுங்கள். ரேஸர்பே வழியாக வந்த பணத்தை வூகாமர்ஸ் திரையிலிருந்தே திருப்பி அனுப்பலாம். ஆனால் நுழைவாயில் பிடித்த கட்டணம் திரும்ப வராது. அதை அமைப்பே ஏற்க வேண்டியிருக்கும்.

நிறுவும் முன் பார்க்க வேண்டியவை

1. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? வேர்ட்பிரஸின் கடைசி மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை இருந்தால் விட்டுவிடுங்கள்.
2. கட்டண பிளக்இன்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுச் சந்தா. அடுத்த ஆண்டும் கட்ட முடியுமா?
3. பட்டியலை எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா? நாளை பிளக்இனை மாற்றினாலும் விவரங்கள் நம்மிடம் இருக்க வேண்டும்.
4. தமிழில் தட்டிய பெயர் அந்தக் கோப்பில் உடையாமல் வருகிறதா?
5. நுழைவாயிலின் சோதனை முறையில் பதிவு, பணம், ரத்து மூன்றையும் செய்து பார்த்தீர்களா?
6. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா? குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும்.

விலை கொடுத்து வாங்க வேண்டியதை உரிமம் உடைத்து இலவசமாகத் தரும் தளங்களை நாடாதீர்கள். பிறர் உழைப்பை இப்படி எடுத்து மார்க்கக் கல்விக்குப் பயன்படுத்தலாமா என்பது ஒரு கேள்வி. அத்தகைய பிரதிகளில் தீங்கு நிரல்கள் ஒளிந்திருப்பது சாதாரணம் என்பது இன்னொன்று. நம் பிள்ளைகளின் விவரங்களும் பெற்றோரின் பணமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.